எப்போதும் முழு டேங்க்

ஒரு பழைய லாரியின் டேஷ்போர்டில் டீசல் முள் ஒன்று இருந்தது. டீசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது முழு டேங்க் என்றே காட்டும். அதனால் லாரியின் சொந்தக்காரர் எபநேசர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். அதை டேங்குக்குள் விட்டு, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்.

"பொய் சொல்லியே பொழைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று குச்சி கேட்கும். முள்ளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

லாரியைப் புதுப்பிக்க நினைத்த எபநேசர் ஒருநாள் டேஷ்போர்டைக் கழற்றினார். "உன் கதை முடிஞ்சுது" என்றது குச்சி.

அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, முள்ளின் ஒயரைப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். முள் நன்றாகவே ஆடியது. பிறகு லாரிக்கடியில் படுத்துப் பார்த்தால், டேங்கிலிருந்து வரும் ஒயர் பச்சை பூத்து இற்றுக் கிடந்தது.

"அட, உன்மேல தப்பே இல்லையேய்யா!" என்று முள்ளிடம் சொன்னார்.

புது ஒயர் போட்டு, டேஷ்போர்டைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பினார். முள் இறங்கியது, இறங்கிக்கொண்டே போய்க் காலியில் நின்றது. இப்போது திட்டு விழும் என்று பயந்தது.

எபநேசர் குச்சியை விட்டுப் பார்த்தார். சொட்டுகூட ஒட்டவில்லை.

"ஸ்டெல்லா! ஓடி வா, டேங்க் காலி!"

"காலி டேங்குக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"நீ சொன்னது சரிதாம்ப்பா" என்று முனகியது குச்சி.

இத்தனை வருஷம் தூக்கிப் பிடித்திருந்த தலையைச் சாய்த்து, முள் காலியில் நிம்மதியாகப் படுத்திருந்தது.