நீர் பதினான்கு

"இந்த ரெண்டு ஒயரையும் சேத்துக் கட்டுனது யாருங்க?"

மெக்கானிக் சாதாரணமாகத்தான் கேட்டார்.

பாலைச் சோதித்துக் கணக்கெழுதும் அவன்தான் கட்டினான். பால் சொசைட்டியில் ஒயர்கள் கன்னாபின்னாவென்று தொங்கக் கூடாதாம். பாலைக் குளிர்விக்கும் தொட்டியின் மோட்டார் ஒயர், பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் என்று சோதிக்கும் மெஷினின் ஒயர், இரண்டையும் இழுத்துச் சேர்த்து, சாணுக்கு ஒரு கட்டுப் போட்டு, சுவரோடு அழகாக ஓட்டியிருந்தான். அதைப் பார்த்து நான்கு பேர் மெச்சவும் செய்தார்கள்.

"மோட்டார் ஓடறப்ப ஒயர்ல ஒரு எரைச்சல் போகுமுங்க. நம்ம காதுக்குக் கேக்காது, மெஷினுக்குக் கேக்கும். அப்புறம் அது வாய்க்கு வந்ததச் சொல்லும்."

கட்டுகளை வெட்டினார். மெஷினின் ஒயரை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய்த் தனி பிளக்கில் கொடுத்தார். இரைச்சலை அடக்க ஒயரின் மேல் கறுப்பாக ஒரு வளையத்தை மாட்டினார். எர்த் ஒயரைப் புதிதாக இழுத்தார். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

மோட்டாரை ஓடவிட்டுப் பாலைச் சோதித்தார்கள்.

நீர் பூஜ்யம்.

மெக்கானிக் போய்விட்டார். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

சொசைட்டித் தலைவர் வீட்டுப் பால் எப்போதும் முதலில் வரும். அன்று காலைதான் தாமதம். அதற்குள் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. மெஷின் நீர் ஒன்பது என்றது.

தலைவர் வாயையே திறக்கவில்லை. அவனாகவே முந்திக்கொண்டான். மெஷினில் ஏதோ கோளாறுங்க என்றான். ஒன்பதை எழுதவில்லை. அவர் படியிறங்குவதற்குள் மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டான்.

அடுத்து வந்தது வேலாத்தாள் பால்.

வேலாத்தாளுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. நடந்து வந்து சேர்வதற்குள் எல்லோரும் ஊற்றி முடித்திருப்பார்கள். மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும். அவன் ஒயரைக் கட்டியதிலிருந்து, பதினோரு நாளாக அவள் பாலில் தண்ணீர்.

கோளாறு என்று தானே சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே மெஷினில் அவள் பாலை வைத்தான். பதினான்கு என்றது. பதினான்கு என்று எழுதினான்.



அதை நினைக்க இப்போது கூசியது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரை ஏமாற்ற?

அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் எல்லோரும் நிற்கும்போது, "அக்கா, நாளைக்குத் தண்ணிக் குடத்தையே தூக்கிட்டு வந்துருங்க. எதுக்கு மாட்டுக்குச் செரமம்?" என்று கேட்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். தனக்கு இவ்வளவு நன்றாகப் பேச வருகிறதே என்று அன்று முழுக்க அவனுக்குப் பெருமை வேறு.

வேலாத்தாள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கேனை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ராத்திரி அவன் ஒரு முடிவுக்கு வந்தான். நாளையிலிருந்து மெஷின் சரியாகக் காட்டும். அவள் பாலும் சரியாக இருக்கும். பத்து நாளில் எல்லோருக்கும் மறந்துவிடும். ஊரைக் கூட்டி எதற்குச் சொல்ல வேண்டும்?

நல்ல முடிவாகத்தான் தெரிந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலையும் அவள்தான் கடைசி. ஏழெட்டுப் பேர் இன்னும் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பாலை வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனைங்க தம்பி?"

"பூஜ்யமுங்க்கா."

அவள் கிட்டே வந்து மெஷினையே எட்டிப் பார்த்தாள். பிறகு நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அவன் கேட்டதில்லை.

"பாத்தீங்களா? இன்னிக்கு நானே கறந்து கொண்டாந்தனுங்க. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

யாரோ, அப்படியானால் இதுவரை கறந்தது யார் என்று கேட்டார்.

"எம் மருமவதானுங்க. வந்து மூணு மாசமாச்சு. என் கையில தப்பு இல்லீன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஊட்டுல வேற யாரு இருக்கறா? இல்லவே இல்லீங்கத்தைன்னு கால்ல வுழுந்து அழுதா. நான் நம்பலீங்க. நேத்துப் பொழுதோட அவங்கப்பன் ஊட்டுக்குப் பஸ் ஏத்தி வுட்டுட்டேன்."

நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அமுக்கமான பெண் என்று பார்த்தபோதே தெரிந்தது என்றார் ஒருவர். அதுவரை அந்தப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை.

அவன் பேரேட்டில் பூஜ்யம் எழுதினான். எழுதியதன் மேலேயே இன்னொரு முறை எழுதினான்.

வேலாத்தாள் கேனைக் கழுவினாள். பதினோரு நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவள் தோள் நிமிர்ந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா," என்றான்.

முதல் தடவை மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை எல்லோருமே திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னான். ஒயரைச் சொன்னான். கட்டியது தான்தான் என்று சொன்னான். தலைவர் வீட்டுப் பாலுக்கு ஒன்பது காட்டியதையும், அதை எழுதாமல் விட்டதையும், அதற்கடுத்து அவளுக்குப் பதினான்கு எழுதியதையும் சொன்னான். கடைசியில் சொன்னதுதான் வாயை விட்டு வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

யாரும் உச்சுக்கொட்டவில்லை.

வேலாத்தாள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"ஒரு நாளும் இல்லீங்களா?"

"ஒரு நாளும் இல்லீங்க்கா."

அவள் கேனை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். வாய்க்கால் பக்கம் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நான்கு எட்டு வைத்தவள், நின்று திரும்பினாள்.

"எனக்குச் சொல்லத் தெரியாதுங்க தம்பி. அங்க வந்து, அவங்க ஊட்டாளுக முன்னால, இதை இதே மாதிரி சொல்லுவீங்களா?"

அவன் பேரேட்டை மூடினான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.