பராமரிப்பு தேவையில்லை

“போட்டோவுல பார்த்ததை விட நேர்ல கொஞ்சம் பழசாத் தெரியுதே?” என்றார் அந்தம்மா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. “பழசுதாங்க. ஆனா கட்டுமானம் கெட்டி. இப்ப வர்ற புதுசெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. உள்ள வந்து பாருங்க.”

அந்தம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் பார்வையைச் சரிபார்க்கிறவர் கண்ணிலிருந்து எது தப்பும்? கூட வந்த தம்பியோ காரை விட்டே இறங்கவில்லை. “நீயே பாருக்கா, இருக்கப் போறது நீதானே” என்று சொல்லிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். மனைவி போனது அதற்கும் முன்னால். இவ்வளவு பெரிய வீட்டில் அப்பா ஒத்தையாய்க் கிடக்க வேண்டாம் என்று, வெளியூரிலிருக்கும் மகள்தான் தரகரிடம் சொல்லி வைத்தாள்.

முதலில் பார்க்க வந்தவர் தலையில் பழைய ஓட்டுக் கூரை சொட்டியது. அடுத்து வந்தவர் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தார். கதவு கையோடு வந்துவிட்டது. ‘வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்’ என்று போன இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வீட்டையே புரட்டிப் போட்டார்.

“மேல என்ன, தகரமா?” அந்தம்மா அண்ணாந்து பார்த்தார்.

“தகரம்னு சொல்லிடாதீங்க, கோவிச்சுக்கும். கோட்டிங் கொடுத்த மெட்டல் ஷீட்டுங்க. துரு பிடிக்காது, பாசி ஏறாது. ஸ்க்ரூ ஒவ்வொண்ணுக்கும் ரப்பர் வாஷர் போட்டிருக்கேன். நம்ம காலத்துக்கு ஏணியே எடுக்க வேண்டாம்.”

“ஓஹோ.”

இந்த ‘ஓஹோ’வை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. பேச்சில் வேகம் கூடியது. “ஜன்னலெல்லாம் அலுமினியமா மாத்தியாச்சு, கரையான் வந்தா பல்லுதான் போகும். சுவர்ல குழம்பு தெறிச்சாலும் ஈரத்துணியால ஒரு இழு, போயிடும். தரைக்கும் ஒரே துடைப்புதான்.”

அந்தம்மா விரலால் ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, உடனே காணாமல் போனது.

“ராத்திரி டிவி எவ்வளவு நேரம் ஓடும்?”

“செய்தி முடிஞ்சதும் அணைச்சுடுவேன்.”

“சத்தமா வைப்பீங்களோ?”

“காது இன்னும் நல்லாத்தாங்க இருக்கு.”

பின்கட்டுக் கதவைத் திறந்ததும் அந்தம்மா நின்றுவிட்டார். தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சுவரிலிருந்து சுவர்வரை வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தது.

“ஒரு செடி கூடவா இல்ல?”

“செடின்னா தண்ணி ஊத்தணும், பூச்சி பார்க்கணும், காஞ்ச இலையைப் பொறுக்கணும். இது பாருங்க, எந்தத் தொந்தரவும் கிடையாது.”

“ஏங்க, வீடுன்னு இருந்தா பார்த்துக்க ஒண்ணாவது வேணாமா?”

மெக்கானிக் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் உருட்டினார். இத்தனை நாள் ஒவ்வொரு தொந்தரவாகப் பிடுங்கிப் போட்டதில், காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதை அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

“ரெண்டு கூடை கல்லை அள்ளிட்டா, ஒரு ரோஜா வைக்கலாம்” என்றார், குரலைத் தாழ்த்தி.

அந்தம்மா அவரை முழுசாக ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தூறல் கீறல் எதுவும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டு கொட்டென்று கொட்டியது. இரும்புச் சட்டியில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கூரை முழுக்க இரைச்சல்.

குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மகளின் கண்டிப்பான உத்தரவு. மெக்கானிக் தொண்டை கிழியக் கத்தினார்: “இது ஒண்ணுதாங்க குறை! மழை வந்தா பக்கத்துல இருக்கிறவங்க பேசறதே கேக்காது!”

அந்தம்மா குலுங்கிச் சிரித்தார். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என்னமோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

போச்சு, இவரும் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் போல. மெக்கானிக்குக்கு மனசு அப்படியே தொய்ந்துவிட்டது. இருந்தாலும் காதோரம் கையை வைத்து, “என்னங்க?” என்றார்.

அந்தம்மா இன்னொரு தரம் சொன்னார். இரைச்சல் அதையும் விழுங்கிவிட்டது.

“விழலைங்க!”

கொடியிலிருந்த துணிகளை அள்ள வந்த பின்வீட்டுக்காரி, மதில் மேல் தலையை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தம்மா எதையும் கவனிக்கவில்லை. வாயருகே இரண்டு கையையும் குவித்து, மூச்சை நன்றாக இழுத்தார்.

குழாயைத் திருகி மூடியது மாதிரி மழை சட்டென்று நின்றது. நிசப்தமான தெரு முழுக்க அந்தம்மாவின் குரல் கணீரென்று ஒலித்தது:

“உங்களைக் கட்டிக்க எனக்குச் சம்மதம்!”