பாதி வரி

லப்பைக்குடிக்காட்டில் மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். ஜன்னல் வெயில் மர்வாவின் பழைய லேப்டாப் மேல் சாய்ந்து விழுகிறது. போன மாதம் ஷார்ஜாவில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அண்ணன் அனஸ், தங்கையும் தானும் சேர்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதற்காக, எங்கோ இருக்கும் சர்வரில் கண்டெய்னர் என்கிற தனி ஒதுக்கிடத்துக்குள், பிரவுசரிலேயே திறக்கும் எடிட்டரை அமைத்து வைத்திருந்தான். இன்றுதான் அவளுக்கு அதைத் திறக்கத் துணிவு வருகிறது. அவன் பாதியில் விட்ட வரி அப்படியே நிற்கிறது; அதன் முனையில் கர்சர் மினுக்குகிறது. "அண்ணன் எழுதுனதா?" அம்மா ஷரீபா பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "ஆமாம்மா. கம்ப்யூட்டருக்கு எழுதுனது, உனக்குப் புரியாது." "புரியாட்டி போவுது, படி." அடைப்புக்குறி, அரைப்புள்ளி எதையும் விடாமல் மர்வா படிக்கிறாள். முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அம்மா கேட்கிறாள். பாதி வரியில் மர்வாவின் குரல் நிற்கிறது. "ஏன் நிறுத்திட்ட?" "அண்ணன் இவ்வளவுதாம்மா எழுதியிருக்கு." "அப்ப முதல்லேருந்து படி."