ஹேண்ட்பிரேக்

மகளைப் புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்த தணிகைவேல், ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் காருக்குள் புகுந்தான். வாசல் சரிவில் தானாகப் பின்னோக்கி உருண்டு அவளை நசுக்கிய கார். அதைக் கடைசியாக நிறுத்தியவள் அவன் மனைவி சுகந்தி. "ஹேண்ட்பிரேக் இழுத்துத்தான் வெச்சேன்" என்று மூன்று நாளாக அரற்றிக்கொண்டிருந்தாள். சோறு தண்ணீர் இல்லை.

ஹேண்ட்பிரேக்கின் மூடியைக் கழற்றிவிட்டு லிவரை இழுத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பிடித்தது. கேபிளில் பொட்டுத் துரு இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்தான். ஒரே வெட்டாக வெட்டினால் தெரிந்துவிடும். இழைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக முறுக்கி அறுத்தான்.

லிவரோடு கழற்றிக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தான். "பாரு, ஒயர் அறுந்து கெடக்கு. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

சுகந்தி பிய்ந்த நுனியைத் தடவினாள். அவன் கையைப் பிடித்து, கட்டைவிரலில் குத்தி நின்ற இழையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். புதிதாகப் பளபளத்தது.

"அப்ப, நான் இழுத்திருந்தாலும் நின்னுருக்காதுல்லங்க?"