நாற்பத்தோராவது முடிச்சு

கணவர் மாயகிருஷ்ணன் இறந்ததிலிருந்து யோகலட்சுமிக்கு ஓயாத படபடப்பு. கோவில்பட்டி டாக்டரம்மா நூல்கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகச் சொன்னார். ஒரு மூச்சுக்கு ஒரு முடிச்சு, தினமும் நாற்பது. மனசும் கொஞ்சம் அடங்கியது.

ஐந்தாம் நாள் காலை எண்ணிப் பார்த்தாள். நேற்றுப் போட்ட நாற்பது, நாற்பத்தொன்றாக இருந்தது.

"ஏட்டி இசக்கி, நீயா போட்ட?" என்று துணைக்கு வந்திருந்த தங்கையைக் கேட்டாள்.

"போக்கா, எனக்குச் சேலைக் கொசுவமே நிக்க மாட்டேங்கு. இதுல முடிச்சு வேறயா!"

அந்த ஒரு முடிச்சு மட்டும் இடப்பக்கமாகச் சுருண்டிருந்தது. இடது கைக்காரரான மாயகிருஷ்ணன் ஆடு கட்டும் முடிச்சு. அவர் கட்டினால் அவரேதான் அவிழ்க்க வேண்டும். மற்றவர்களால் கயிற்றை அறுக்கத்தான் முடியும்.

யோகலட்சுமி கத்தரிக்கோலை எடுத்தாள். அறுக்கக் கை வரவில்லை, கீழே வைத்தாள்.

தொழுவில் படுத்திருந்த ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வாசல் பக்கம் திரும்பின.