யார் பிள்ளை?

“நீங்க ரெண்டு பேரும் என் ரத்தந்தானான்னு தெரிஞ்சாகணும்” என்றார் அப்பா, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தபடி.

பெரியவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. சின்னவன் காற்றடிக்கும் குழாயை மூட மறந்து நின்றான்.

“என்னப்பா பேச்சு இது? அம்மா காதுல விழுந்தா?”

“விழுந்துடுச்சு” என்றாள் அம்மா. டியூபில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “வியாழக்கிழமை டாக்டரைப் பாக்க நானே நேரம் வாங்கிட்டேன்.”

பெரியவன் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனதிலிருந்தே அப்பா ஒரு மாதிரிதான் இருந்தார். அதற்காக இப்படியா?

“அக்காவை மட்டும் விட்டுட்டீங்க?” என்றான் சின்னவன்.

“அவ போன வாரமே ரத்தம் குடுத்துட்டா. தைரியசாலி.” அப்பா சாவிக்கொத்தைச் சுழற்றினார். “டெஸ்ட்டுக்கு வராதவனுக்குக் கடையில பங்கு கிடையாது.”

பெரியவனுக்கு ஊசியென்றாலே உள்ளங்கால் கூசும். ஆபரேஷன் அன்றுகூட வண்டிக்குக் காவல் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்குக் காவலாகச் சின்னவன் நின்றான்.

ஆனால் இது மானப் பிரச்சினை.

“என் மூக்கைப் பாருங்க. உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!”

“மூக்கு கிடக்கட்டும். இந்தக் கோபம் யாரோடது?” என்று சின்னவன் பாய்ந்தான்.

வியாழக்கிழமை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் டாக்டர் அறைக்குள் நுழையப் பார்த்து, கதவில் சிக்கினார்கள்.

டாக்டர் அசந்துபோனார். “இவ்வளவு ஆசையா யாரும் வந்ததில்ல. எதுக்கு டெஸ்ட்டுன்னு தெரியும்ல?”

“தெரியும் டாக்டர்” என்றான் பெரியவன். “நாங்க இவர் பிள்ளைங்கதானான்னு பாக்க.”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“பிள்ளைங்கங்கறதாலதான் உங்களை வரச் சொன்னேன். அப்பாவுக்கு வந்த நோய்க்குக் காரணம் பரம்பரையா வர்ற ஒரு ஜீன். அது உங்களுக்கும் இருக்கான்னுதான் பாக்கணும்.”

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தாள் அம்மா.

“வண்டியை வாட்ச்மேன் பாத்துக்குவார். கையை நீட்டுங்கடா.”