கதவைத் திறந்தது யார்?

"யாரைக் கேட்டு அந்தக் கதவைத் திறந்தேம்மா நீ?"

சாய்நாத் மைக்கில் போட்ட போடில், பின்வரிசையில் கண் அசந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த டீனா முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு இதுதான் முதல் படம். சாந்தோம் ஐவி டீச்சர் எப்போதோ எழுதிய ஒரு சிறுகதையைப் படமாக்கியிருந்தாள்.

மயிலாப்பூர் வாசகர் மன்றத்தில் அன்று 'கதையா, படமா?' என்று கூட்டம். நல்ல தழுவல்தான் என்று நடுவர் சொன்னால் டீனாவுக்குக் கேடயம். விருது வாங்கின படம் என்றால் தினம் ஒரு காட்சி போடுகிறேன் என்று தி. நகர் தியேட்டர்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். கேடயம் இல்லையென்றால் படம் பெட்டிக்குள்ளேயே தூங்க வேண்டியதுதான்.

நடுவர் யார்? நம்ம சாய்நாத்தேதான். மனுஷர் லேசுப்பட்டவரா? வாரப் பத்திரிகை ஆசிரியராகக் கொடிகட்டிப் பறந்தவர். ஐவி டீச்சரின் அந்தக் கதையை அச்சில் போட்டவரே அவர்தான். அந்த உரிமையில் வெளுத்து வாங்கினார்.

"கதை என்ன? ஒரு அப்பா. பொண்ணு வேற மதத்துப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிடறா. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கைக்குழந்தையோட வந்து கதவைத் தட்டறா. அப்பா எழுந்து வந்து கதவுக்குப் பின்னாடி நிக்கறார். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. திறக்கல! அங்கதான்யா இலக்கியம் நிக்குது!"

கைதட்டல்.

"படத்துல? அப்பா கதவைத் திறக்கறார். குழந்தையை வாங்கிக்கறார். 'சாப்பிட்டியாம்மா'ங்கறார். இதுக்கு எதுக்குங்க கதை? வீட்ல உக்காந்து சீரியல் பார்த்தா போதாதா?"

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்ததில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி விடுவாரா?

"இது டீச்சரோட சொந்தக் கதை. வஹீதைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட பாவத்துக்கு, அவங்க அப்பா லூர்துசாமி சாகற வரைக்கும் கதவைத் திறக்கல. நிஜத்துல மூடிக்கிடந்த கதவை நீ சினிமாவுல திறந்தா, அது அந்த அம்மா பட்ட வேதனைக்குப் பண்ற துரோகம் இல்லையா?"



டீனா மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் இருந்த ஐவி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார்.

"எனக்கு இந்த முடிவுதான் சரின்னு பட்டுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"பட்டுதாம்! எழுதினவங்க முடிவுல கை வைக்க நாம யாரும்மா? காபி குடிச்சிட்டு வாங்க, தீர்ப்பைச் சொல்றேன்" என்று இறங்கினார் சாய்நாத்.

காபியும் போண்டாத் தட்டுமாக நேராக ஐவி டீச்சரிடம் போனார்.

"என்ன டீச்சர், உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க! மேடை ஏறி, 'இது என் கதை இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"அதை எப்படி சார் சொல்வேன்? அதுதானே என் கதை."

"எது?"

"படத்துல வர்றது. அப்பா கதவைத் திறக்கறார்னுதான் நான் எழுதி அனுப்பினேன். உங்க பத்திரிகையில வந்தப்போ கடைசிப் பாராவைக் காணோம். அந்த இடத்துல அப்பள விளம்பரம் இருந்துது."

சாய்நாத் வாய்வரை கொண்டுபோன போண்டாவைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் கதையின் வாலை நறுக்கி இடம் பண்ணுவது அவர் ஆபீசில் சகஜம். யார் கதை, எந்த வால் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? 'ஆகா, என்ன முடிவு!' என்று வாசகர்கள் எழுதித் தள்ள, அவரும் ஆகா போட ஆரம்பித்தவர்தான். இன்றுவரை நிறுத்தவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

"முதல் கதை. எல்லாரும் பாராட்டினாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். டீனாவுக்கு மட்டும்தான் தெரியும். 'என்னை எழுத்தாளர் ஆக்கினவர், நாலு பேர் முன்னாடி தலைகுனிய வெச்சிடாதே'ன்னு அவகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்."

சாய்நாத் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"நல்ல காரியம் பண்ணினீங்க. கேடயம் அந்தப் பொண்ணுக்குத்தான், போதுமா? யோசிச்சுப் பார்த்தேன், மனசை மாத்திக்கிட்டேன்னு சொல்லிடறேன். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றவர், பழைய கம்பீரம் திரும்ப, காபியை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார். "என்ன இருந்தாலும், ஒரு பாராதானே டீச்சர்! யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒரு பாராதான் சார்" என்றார் ஐவி டீச்சர். குரலில் கோபமே இல்லை. "எங்கப்பா வாராவாரம் உங்க பத்திரிகைதான் படிப்பார். அவர் படிக்கணும்னுதான் அந்தக் கதையை எழுதினேன். படிச்சு முடிச்சிட்டு அம்மாகிட்ட சொன்னாராம், 'பாத்தியா, திறக்க வேண்டாம்னு அவளே எழுதிட்டா.'"